மல்லாட்டை மிஷினும் முளைக்காத கணக்கும்

நிலக்கடலை உடைக்கும் கை இயந்திரத்தை "மேம்படுத்தியிருக்கிறோம்" என்று வரும் ஆய்வுக் கட்டுரைகள், பொறியியல் கல்லூரி புராஜெக்ட் அறிக்கைகள், வீடியோக்கள் எல்லாவற்றையும் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. முதல் பத்தியில் சிறு விவசாயி வருவார். இரண்டாம் பத்தியில் கையால் உரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வரும். பிறகு ஒரு அட்டவணை: மணிக்கு எத்தனை கிலோ, உடைப்புத் திறன் எத்தனை சதவீதம், நொறுங்கியது எத்தனை சதவீதம். கடைசியில், அடுத்த கட்டமாக ஒரு மோட்டாரும் காற்றாடியும் சேர்க்கலாம் என்று முடிப்பார்கள். முதல் பத்தியில் வந்த சிறு விவசாயி திரும்ப வரவே மாட்டார்.

அந்த அட்டவணைதான் எனக்குப் பிரச்சினை. கை மிஷினை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது என்று யோசிக்காமல், மோட்டார் மிஷினுக்கு வைத்திருக்கும் அளவுகோலாலேயே அதை அளக்கிறார்கள். அந்த அளவுகோலில் கை மிஷின் எப்போதும் தோற்கும். தோற்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் எந்த வேலைக்குக் கை மிஷின் உண்மையில் தேவையோ, அந்த வேலையில் அது ஜெயிக்கிறதா என்று பார்க்க அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்த வேலை, விதை உடைப்பது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தை வைத்தே இதைப் பேசலாம். சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை என்று பழைய தென்னார்க்காட்டின் மேற்கு ஓரம் முழுக்கக் கடலை மண். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கிழக்கே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், தெற்கே விருத்தாசலத்தில் மண்டல ஆராய்ச்சி நிலையம். டி.எம்.வி. என்ற எழுத்தோடு வரும் ரகங்கள் திண்டிவனத்துப் பிள்ளைகள், வி.ஆர்.ஐ. என்று வருபவை விருத்தாசலத்துப் பிள்ளைகள். தமிழ்நாட்டுக் கடலை ரகங்களில் பெரும்பகுதி பிறந்தது இந்த மாவட்டத்துக்குப் பக்கத்தில்தான்.

இங்கே யாரும் நிலக்கடலை என்று சொல்வதில்லை. மணிலா என்பார்கள், பேச்சில் மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டை ஆகி மல்லாட்டை ஆனது. பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயர் நம்மூர்க் களத்துமேட்டில் இப்படி அடையாளம் தெரியாமல் கிடக்கிறது. உள்ளே இருக்கும் பருப்புக்கு இங்கே பயிறு என்று பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மணிலா மூட்டை என்றால் 80 கிலோ. விலைச் செய்தியெல்லாம் அந்த மூட்டைக் கணக்கில்தான் வரும்.

இனி மிஷின். நம்ம ஊர்க் கை மிஷின் பலரும் பார்த்ததுதான். நாலு காலில் ஒரு இரும்புச் சட்டம். மேலே தொட்டி. தொட்டியின் அடியில் அரைவட்டமாக வளைத்த சல்லடைத் தகடு. அதற்கு மேல், ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிற ஒரு கை. அதன் அடியில் வார்ப்பிரும்புப் பற்கள். நெம்புகோலைப் பிடித்துத் தள்ளி இழுத்தால் காய்கள் பல்லுக்கும் சல்லடைக்கும் நடுவே நசுங்கி உடையும். பயிறும் ஓடும் சேர்ந்து துளை வழியே கீழே விழும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மாதிரி இந்த வகைதான். சல்லடையை மாற்றினால் ஆமணக்குக்கும் ஆகும். போபாலில் இருக்கும் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இதையே நின்றுகொண்டு இயக்கும் வகை, உட்கார்ந்து இயக்கும் வகை என்று இரண்டாகச் செய்தது. காரும் இல்லை, கரண்டும் வேண்டாம். கிராமத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். நல்ல வடிவமைப்பு. அதை நான் குறை சொல்லவில்லை.

இதைவிட வேகமாக உடைக்க வேண்டும் என்ற ஆசையைத்தான் குறை சொல்கிறேன். மனித உடம்பு மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடிய சக்தி சுமார் 75 வாட். அதுவும் சைக்கிள் மிதிப்பதுபோலக் காலால் வேலை செய்தால். கையால் என்றால் இன்னும் குறைவு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் 746 வாட். அதாவது அப்படி ஒரு சின்ன மோட்டாரே பத்து ஆளுக்குச் சமம், சாப்பாட்டு நேரமும் கேட்காது. விற்பனைக்குப் போகிற காயை உடைக்க மோட்டார் மிஷின்தான் சரி, மில் மாதிரி கூலிக்கு உடைத்துக்கொள்ளலாம். அந்தப் போட்டியில் கை மிஷினை இறக்கி, 50 கிலோவை 60 ஆக்கினேன் என்று மார்தட்டுவதில் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

சரி, விதைக்கு எவ்வளவு உடைக்க வேண்டும்? கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்பது பரிந்துரை. ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அப்படியானால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,35,000 குழிகள். நூறு பயிறு 40 கிராம் என்று வைத்தால் 54 கிலோ. ஏக்கருக்கு 50-60 கிலோ பயிறு என்று எல்லோரும் சொல்வது இப்படித்தான் வருகிறது. காயில் நூற்றுக்கு எழுபது பங்கு பயிறு தேறும். சொத்தை, சுருங்கல் கழிவையும் சேர்த்தால் ஒரு ஏக்கர் விதைக்கு 90 கிலோ காய் போதும்.

வருஷத்துக்கு 90 கிலோ! ஆடிப்பட்டம், கார்த்திகைப் பட்டம் என்று இரண்டு போகம் போட்டாலும் 180. தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சிறு, குறு நிலங்கள். அவர்களில் ஒரு ஏக்கர்க்காரருக்கு மணிக்கு 50 கிலோ உடைக்கிற மிஷின் இரண்டு மணி நேரம் ஓடும், மீதி வருஷம் முழுக்கக் கோழி அடையும். மணிக்கு 15 கிலோ உடைக்கிற மிஷின் இருந்தாலும் ஆறு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்த வேகம் போதுமா என்றால், தாராளமாகப் போதும். கையால் உரித்தால் ஒருவருக்கு மணிக்கு ஒன்று, ஒன்றரை கிலோ பயிறு தேறும். 54 கிலோவுக்கு நாற்பது, ஐம்பது மணி நேரம். ஆறு மணி நேரத்துக்கும் ஐம்பது மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்துக்குப் பெரிய வித்தியாசம். இரண்டுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்துக்காக யாரும் அழப்போவதில்லை.

அந்த ஐம்பது மணி நேரத்தை யார் உட்காருகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். வீட்டுப் பெண்கள், திண்ணையிலிருக்கும் கிழவிகள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். கட்டைவிரல் நகக்கண்ணில் ஓடு குத்திக் குத்தி வீங்கிவிடும். விரல் தாங்காதவர்கள் பல்லால் கடித்து உடைப்பார்கள். இத்தனை கஷ்டத்துக்குப் பிறகும் "விதைக்கு வேணும்னா கையால உரிச்சிக்கோ, மிஷின்ல போட்டா பயிறு அடிபட்டுடும்" என்றுதான் ஊரில் சொல்வார்கள். மிஷினைக் கண்டு மிரள்கிற ஜனங்கள் இல்லை அவர்கள். டிராக்டரையும் போர்வெல்லையும் ஒரே தலைமுறையில் பழகிக்கொண்டவர்கள். விதை விஷயத்தில் மட்டும் மிஷினை நம்பவில்லை என்றால், அதற்குள் ஒரு பரிசோதனை முடிவு இருக்கிறது என்று அர்த்தம். ஆய்வறிக்கைகள் அதை "விழிப்புணர்வுக் குறைவு" என்று ஒரு வரியில் தள்ளிவிடுகின்றன.

பயிறு அடிபடுவது என்றால் என்ன? சின்ன வயதில் கடலையைப் பிளந்து உள்ளே தாடி வைத்த தாத்தா இருக்கிறார் என்று காட்டி விளையாடியிருப்போமே, அந்தத் தாத்தாதான் முளை. அது இரண்டு பருப்புகளுக்கும் நடுவே, ஒரு முனையில், ஏறக்குறைய வெளியே எட்டிப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. மேலே பாதுகாப்புக்கு இருப்பது காகிதத்தைவிட மெல்லிய சிவப்புத் தோல் மட்டும். பயிறு இரண்டாகப் பிளந்தால் அதோடு விதை முடிந்தது, சட்னிக்குத்தான் ஆகும். பிளக்காமல் முனையில் அடி விழுந்திருந்தால்? கண்ணுக்கு முழுப் பயிறாகத் தெரியும், மண்ணுக்குள் போனால் முளைக்காது, முளைத்தாலும் நோஞ்சானாக வரும். தோல் கீறியிருந்தால் கரும்பூசணம் உள்ளே போகும். விதைத்த சில வாரத்தில் இளஞ்செடி கழுத்தழுகிச் சாயும். இந்த இரண்டு வகைச் சேதமும் "நொறுங்கியது எத்தனை சதவீதம்" என்ற கட்டத்தில் வராது. அந்தக் கட்டத்தை நிரப்புபவர் தட்டில் கொட்டி, உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடை போடுகிறார். முழுசாகத் தெரிவதெல்லாம் அவருக்கு நல்ல பயிறு.

காசாக்கிப் பார்த்தால்: முளைப்பு பத்து சதவீதம் குறைந்தால் ஏக்கருக்கு 13,500 குழி காலி. அதை ஈடுகட்ட ஐந்தாறு கிலோ பயிறு கூடுதலாகப் போட வேண்டும். 2024-25க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டால் காய்க்கு 6,783 ரூபாய். எழுபது சதவீதம் தேறினால் பயிறு கிலோ ஏறக்குறைய 97 ரூபாய் ஆகிறது. விதைக் காய் இதற்கு மேல்தான் விற்கும். ஐந்நூறு, அறுநூறு ரூபாய் போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் காலிக் குழி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. மானாவாரியில் ஒரு மழைக்கு விதைத்தால் அடுத்த மழைக்கு மறுபடி ஊன்ற முடியுமா? களை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முன்னெச்சரிக்கையாக எல்லோரும் அதிகமாகவே விதைக்கிறார்கள்.

இதில் அரசுத் தரப்பின் பங்கும் இருக்கிறது. கடலையில் சான்று விதை காயாகவே மூட்டையில் வருகிறது. அப்படித்தான் வர வேண்டும், ஓட்டுக்குள் இருந்தால்தான் முளைப்புத்திறன் தாங்கும். சான்றுக்கு முளைப்பு குறைந்தது 70 சதவீதம், ஈரப்பதம் 9 சதவீதத்துக்குள் என்று விதி. அந்த 70, கவனமாகக் கையால் உரித்துப் பரிசோதித்த பயிறுக்கான எண். வீட்டுக்கு வந்த பிறகு அதை எப்படி உடைத்தார்கள் என்பது யார் ஏட்டிலும் இல்லை. மூட்டையின் அட்டையில் இருக்கும் எண்ணுக்கும் வயலில் முளைக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு மிஷின் நிற்கிறது. விதைத்துறைக்கு அது பொறியியல் சமாச்சாரம், பொறியியல் துறைக்கு அது விதைச் சமாச்சாரம்.

இனி "உடைப்புத் திறன்" என்ற அழகான எண்ணுக்கு வருவோம். போட்ட காயில் எத்தனை பங்கு உடைந்தது என்பது இது. 95 வந்தால் பாராட்டு, 80 வந்தால் திருத்தச் சொல்வார்கள். எனக்கு இது முழுசாகத் தலைகீழாகப் படுகிறது. உடையாமல் வெளியே வந்த காய்க்கு என்ன நஷ்டம்? பொறுக்கித் தொட்டியில் திரும்பப் போட்டால் போதும். அடிபட்ட பயிறைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒன்று திரும்பப் பெறக்கூடியது, இன்னொன்று போனால் போனது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, உடையாததைக் குறைப்பதற்காக இடைவெளியை நெருக்கி வைக்கிறார்கள். நெருக்கினால் சின்னக் காயும் உடையும், உண்மைதான். பெரிய காய்க்குள் இருக்கும் பயிறு நசுங்கும். விதைக்கு மிஷின் செய்கிறவர் 75 சதவீதம் உடைந்தால் போதும் என்று தளர்த்தி வைத்து, உடையாததை இரண்டாம் முறை இன்னும் நெருக்கமான இடைவெளியில் விட வேண்டும். இப்படிச் செய்கிற மிஷின் இன்றைய அட்டவணையில் "திறன் குறைந்தது" என்று பின்னுக்குப் போகும்.

காய்களின் அளவு ஒரே மாதிரி இல்லை என்பதுதான் இதன் அடிப்படை. ஒரே செடியில் ஒற்றைப் பயிறுக் காயும் இருக்கும், இரட்டையும் இருக்கும். ஒரே இடைவெளி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இதற்கு மிக நல்ல பதில் சொன்னவர் நம்மவர் இல்லை. ஜாக் பிராண்டிஸ் என்பவர், அமெரிக்காவின் வட கரோலினாவில் சினிமாவில் விளக்கு வேலை பார்த்தவர். 2001இல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போன இடத்தில் பெண்கள் விரல் புண்ணாகக் கடலை உரிப்பதைப் பார்த்து, ஒரு மிஷின் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். தேடிப் பார்த்தால் அவருக்குப் பொருத்தமான விலையில் எதுவும் கிடைக்கவில்லை. பல்கேரிய மாதிரி ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைக் கான்கிரீட்டில் வார்த்தார். புனல் மாதிரி ஒரு கான்கிரீட் கூடு, அதற்குள் சுற்றுகிற ஒரு கான்கிரீட் கூம்பு. மேலே இடைவெளி அகலம், கீழே போகப் போகக் குறுகல். பெரிய காய் மேலேயே உடைந்துவிடும், சின்னது கீழே இறங்கி உடையும். உடைந்து சிறுத்ததும் பயிறு நழுவி வெளியேறிவிடும். நம்ம அரைவட்டச் சல்லடை மிஷினில் இல்லாத புத்திசாலித்தனம் இது. வரைபடத்துக்குக் காப்புரிமைக் கெடுபிடி இல்லாமல் உலகம் முழுக்கப் போனது.

ஆனால் அதைப் பாராட்டி எழுதியவர்களும் மணிக்கு 50 கிலோ என்ற எண்ணைத்தான் தலைப்பில் வைத்தார்கள். பல அளவுக் காய்களை மென்மையாகக் கையாளும் அதன் வடிவம்தான் செய்தி. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கான்கிரீட்டையும் இல்லை, அதன் எடையை நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது. குறுகிக்கொண்டே போகும் இடைவெளி என்ற யோசனையை நம் இரும்புச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவரலாம். அரைவட்டச் சல்லடையை ஆடும் கையோடு ஒரே மையத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால், ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் நெருக்கமும் தானே வரும். அதுவும் வேண்டாம் என்றால் காயை முன்கூட்டியே ஒரு சல்லடையில் சலித்து, பெரிசு சிறிசு என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக விடலாம். கம்பிச் சல்லடை ஒன்றுதான் கூடுதல் செலவு.

வார்ப்பிரும்புப் பல்லுக்குப் பதில் ரப்பர் போடுவது இன்னொரு வழி. இது புதுசு இல்லை. அரிசி ஆலைகளில் பழைய உமி நீக்கும் ஹல்லரிலிருந்து ரப்பர் ரோலுக்கு மாறியதும் குருணை குறைந்தது எல்லோருக்கும் தெரியும். பழைய டயர்த் துண்டை வெட்டிப் பல்லின் மேல் போல்ட் போட்டால் அடி மென்மையாக விழும். ஒரு எச்சரிக்கை: ரப்பர் பிடித்து இழுக்கும். இடைவெளி ரொம்ப நெருக்கமானால் பயிறு உடையாமல் தோல் உரிந்து வெள்ளையாக வரும். விதைக்கு அதுவும் கெடுதல்தான். ஆக ரப்பர் மட்டும் போட்டுவிட்டு "மேம்படுத்தப்பட்டது" என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட முடியாது. இடைவெளியைத் திருத்தும் வசதி கூடவே வேண்டும். இன்றைய மிஷின்களில் அதற்கு வசதி உண்டு, நாலு போல்ட்டைத் தளர்த்தி, கண் அளவில் வைத்து, மறுபடி முறுக்க வேண்டும். எங்கே வைத்தோம் என்பதற்கு ஒரு கோடுகூட இருக்காது. ஒரே திருகு, பக்கத்தில் உளியால் கொத்திய அஞ்சாறு கோடு. இவ்வளவு போதும். "நம்ம டி.எம்.வி. 7க்கு மூணாங் கோடு" என்று ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்ல முடிய வேண்டும்.

தண்ணீர் தெளிக்கிற பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காய் நன்றாகக் காய்ந்திருந்தால் ஓடு சுலபமாக உடையும், பயிறும் சுலபமாகப் பிளக்கும். கொஞ்சம் ஈரப்படுத்தினால் பயிறு வளைந்து கொடுக்கும், சேதம் குறையும். அதனால் மோட்டார் மிஷினில் போடுமுன் காய் மேல் தண்ணீர் தெளிப்பது இந்தியா முழுக்க நடக்கிறது. இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாகத் தென்னார்க்காட்டுக் கடலை பிரான்சின் மார்சேய் நகருக்குக் கப்பலேறிய காலத்தில் காயை நனைத்துத் தடியால் அடித்துத்தான் உடைத்தார்கள். நனைந்த பயிறு போய்ச் சேருவதற்குள் கெட்டு, எண்ணெய் காறி, அங்கிருந்து புகார் வந்தது. உலர்வாக உடைக்கும் இயந்திரங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் பரவியதற்கு அந்தப் புகாரும் ஒரு காரணம். அன்றைக்குக் காறல் என்றார்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்து, அவை தின்ற கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்த பிறகுதான் பூசண நச்சான அஃப்ளாடாக்சின் பிடிபட்டது. ஈரமான பயிறைச் சாக்கில் கட்டிவைப்பது அந்தப் பூசணத்துக்கு விருந்து வைப்பதுதான். மென்மையாக உடைக்கிற மிஷின் இருந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டிய அவசியமே குறையும். கை மிஷினை ஆதரிக்க இதைவிடப் பலமான வாதம் எனக்குத் தெரிந்து இல்லை. அதை எந்த அறிக்கையும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது ஆச்சரியம்.

அப்புறம் மணிக்கு 50 கிலோ என்பதில் எது சேரவில்லை என்று பாருங்கள். மிஷினுக்குக் கீழே விழுவது பயிறு, ஓடு, உடையாத காய் மூன்றும் கலந்த குவியல். அதை முறத்தில் அள்ளிப் புடைக்க வேண்டும், காற்றடித்தால் தூற்ற வேண்டும், பிறகு உட்கார்ந்து பொறுக்க வேண்டும். நெம்புகோல் பிடித்தவர் வேலையை முடித்துவிட்டு டீக்கடைக்குப் போன பிறகும் இந்த வேலை நடந்துகொண்டிருக்கும். நேரத்தை அளக்கிற ஸ்டாப் வாட்ச் அவரோடு நின்றுவிடுகிறது. காய் மூட்டையைப் பிரித்ததிலிருந்து விதைக்குத் தயாரான பயிறு கூடையில் சேரும் வரை எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்று அளந்தால்தான் அது நேர்மையான கணக்கு. அப்படி அளந்திருந்தால், மிஷினின் அடியில் சாய்வாக ஒரு சல்லடைத் தகடு வைத்து உடையாத காயையாவது பிரித்துவிடலாம் என்று யாருக்காவது எப்போதோ தோன்றியிருக்கும்.

நெம்புகோலின் உயரமும் அப்படித்தான். போபால் நிறுவனம் ஒருங்கிணைத்த ஆய்வுத் திட்டத்தில் நாடு முழுக்க விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளை எடுத்திருக்கிறார்கள். பெண்களின் சராசரி உயரம் ஆண்களைவிட 10 சென்டிமீட்டருக்கு மேல் குறைவு. விதை உடைப்பது பெண்கள் வேலை என்று தெரிந்தும், ஆணின் தோள் உயரத்துக்கு நெம்புகோல் வைத்தால் அவள் கையைத் தூக்கித் தூக்கியே சோர்ந்துவிடுவாள். குழாய்க்குள் குழாய் விட்டு ஊசி செருகினால் உயரம் மாறும். சைக்கிள் சீட்டுக்கு நாம் செய்வதுதான்.

கூலி விஷயத்தைத் தொடாமல் போனால் இந்தக் குறிப்பு அரைகுறை. பத்து ஏக்கர்க்காரர் வீட்டில் விதை உரிப்பது கூலி வேலை. வேறு வேலைக்குப் போக முடியாத வயதான பெண்களுக்கு நிழலில் உட்கார்ந்து கிடைக்கும் சில நாள் வருமானம். நல்ல மிஷின் வந்தால் அந்த வருமானம் போகும். ஒரு ஏக்கர்க்காரர் வீட்டில் அதே வேலைக்குக் கூலியே இல்லை, அங்கே மிஷின் வந்தால் மிச்சம்தான். அதனால் மிஷின் யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். வாடகை மையத்தில் வைத்தால் டிராக்டரும் ரோட்டவேட்டரும் இருக்கும் இடத்தில் ஓரமாகத் துருப்பிடிக்கும். மகளிர் குழுவிடம் இருந்தால், உரித்துக்கொண்டிருந்த அதே பெண்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று விதை உடைத்துத் தரலாம். "எங்ககிட்ட உடைச்சா நூத்துக்கு இத்தனை முளைக்கும்" என்று சொல்லிக் கேட்கும் கூலி, மூட்டைக் கணக்கில் கேட்கும் கூலியைவிட நியாயமாகக் கிடைக்கும்.

கல்வராயன் மலைப் பக்கம் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. கச்சிராயபாளையத்திலிருந்து ஏறி வெள்ளிமலை வரை போனால் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். ஜாகீர்தார் முறை 1976 வரை நீடித்த மலை. மேலே கடலை பெரிய பயிர் இல்லை. மரவள்ளி, சாமை, மக்காச்சோளம்தான். கடலை எல்லாம் அடிவாரத்தில். ஆனாலும் இந்தக் கட்டுரைக்கு மலை தேவைப்படுகிறது, ஏனென்றால் உடைக்க வழியில்லாமல் ஒரு பயிரே எப்படிச் சுருங்கும் என்பதைச் சாமை காட்டுகிறது. உரலில் குத்தி உமி நீக்குகிற வேலைக்குப் பயந்தே வீடுகளில் சாமைச் சோறு குறைந்தது. பக்கத்துக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறு ஆலைகளைச் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்துச் சிறுதானியத்தைத் திரும்பப் பிடிக்க முயன்றது இதைப் புரிந்துகொண்டுதான். இரண்டு மூட்டைக்காக மோட்டார் மிஷின் தேடிக் கீழே இறங்கி ஏற வேண்டிய இடத்தில், சின்னக் கை மிஷின் ஒன்று பயிரை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதையே தீர்மானிக்கலாம்.

கடைசியாக, மிஷின் செய்கிறவர்களுக்கும் அதைச் சோதித்து எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டவணையில் இன்னொரு கட்டம் சேருங்கள். ஒரே மூட்டையிலிருந்து மூன்று பங்கு காய் எடுங்கள். ஒன்றைக் கையால் உரியுங்கள், ஒன்றை இரும்புப் பல்லில் விடுங்கள், ஒன்றை உங்கள் புது மிஷினில் விடுங்கள். உடைந்ததைத் தள்ளிவிட்டு, முழுசாகத் தெரியும் பயிறிலிருந்து பார்க்காமல் நூறு நூறாக எண்ணி எடுங்கள். நனைத்துப் பிழிந்த சணல் சாக்கில் வரிசையாகப் பரப்பி, சுருட்டி, நிழலில் வையுங்கள், காயாமல் தண்ணீர் தெளியுங்கள். பத்தாம் நாள் பிரித்து, நேரான வேரோடு வந்திருப்பதை மட்டும் எண்ணுங்கள். வளைந்ததையும் பூசணம் பிடித்ததையும் சேர்க்க வேண்டாம். கையால் உரித்ததற்கும் உங்கள் மிஷினுக்கும் அஞ்சுக்குள் வித்தியாசம் இருந்தால், மணிக்கு எத்தனை கிலோ என்ற வரியை அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டால் போதும்.